கம்பத்துக்கு மேல போன பந்து

பையில இருக்கது பந்துதான் தம்பி, பயப்படாதீங்க. காலு இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கிடுதேன். நீங்க டிரைவர்ட்ட டிக்கெட்ட இடது கையில வாங்குனதப் பாத்தேன். பஸ்ல இவ்வளவு சீட்டு காலியாக் கெடந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தது அதுக்காகத்தான். காலும் அப்படித்தானா? பந்து அடிக்கச் சொன்னா எந்தக் கால் முன்னால வரும்? சும்மா கேக்கேன், சொல்லுங்க.

இடதா. நல்லது. ரொம்ப நல்லது.

தம்பிக்கு எந்த ஊரு? மணப்பாறையா. வந்து ஒரு வாரம் இருக்குமா? கோட்டு பட்டன் அத்தனையும் போட்டுக்கிட்டு உக்காந்துருக்கீங்கள்லா, அதுலயே தெரியுது. நான் நாசரேத் பக்கம். சாமுவேல் ஞானதுரை. இங்க எல்லாருக்கும் சாம். டப்ளின்ல மாசம் ஒருக்க தமிழ் ஆராதனை வைப்பாவ, அதுக்குப் போயிட்டு வாரேன். கோயிலுக்கு எதுக்கு பந்துன்னு வீட்டம்மா கேப்பா. எமிமாள். உங்க வீட்டம்மாவுக்கு வேலைன்னு சொன்னீங்களே பாலிநாரா ஆஸ்பத்திரி, அங்கதான் அவளும் நர்ஸு. உங்க வீட்டம்மா வேலைக்குச் சேந்தா அவ கைக்குக் கீழதான் வரணும். கண்டிப்பு ஜாஸ்தி, முன்கூட்டியே சொல்லி வையுங்க.

பாலிநாரா போய்ச் சேர நேரம் இருக்கு. தூங்கணும்னா தூங்குங்க. இல்லன்னா ஒரு காரியம் சொல்லுதேன், கேளுங்க. அந்த ஊர்ல குடியிருக்கப் போறீங்க, எப்படியும் யாராவது சொல்லுவாவ. இல்ல, சொல்ல மாட்டாவ. அதான் கஷ்டமே. நானே சொல்லிருதேன்.

என் மவன் கிதியோன். கேலிக் ஃபுட்பால் ஆடுனான், இந்த நாட்டுக்காரவுகளோட சொந்த ஆட்டம். நீங்க டி.வி.ல பாக்குத ஃபுட்பால் இல்ல இது. கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் அடிக்கலாம். கோல்கம்பம் ரெண்டும் ஒசரமா, நம்ம ஊர் கொடிமரம் மாதிரி மேல போயிட்டே இருக்கும். நடுவுல ஒரு குறுக்குக் கம்பி. கம்பிக்குக் கீழ வலையில போட்டா மூணு புள்ளி. கம்பிக்கு மேல, ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போனா ஒரு புள்ளி. இவ்வளவு தெரிஞ்சாப் போதும். சம்பளம் கிம்பளம் கிடையாது. பகல்ல ஒருத்தன் கரண்டு வேலை பாப்பான், ஒருத்தன் மாடு வளப்பான், சாயங்காலம் சேந்து ஆடுவானுவ. எந்தச் சேகரத்துல குடியிருக்கியோ அந்தச் சேகரத்துக்குத்தான் ஆடணும், வேற டீமுக்குப் போனா துரோகம். ஒரு கோயிலச் சேந்த ஊருங்கதான் சேகரம்; அவிய ஆர்.சி., பங்குன்னு சொல்லணும். நமக்குச் சேகரம்னுதான் வாயில வருது.

ஏழு வயசுலயே சின்னப் பயலுவ டீம்ல சேந்துட்டான். கூட்டத்துல கறுப்பா அவன் ஒருத்தன்தான், எங்க இருந்து பாத்தாலும் தெரிவான். வீட்டுப் பக்கச் சுவரு, ஜன்னல் இல்லாத சுவரு, அதுல அடிச்சு அடிச்சே பழகுனான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா தொம், தொம், தொம். சேறு ஒட்டுன பந்து பட்டு சுவரு பூரா வட்ட வட்டமா. வட்டம் இன்னைக்கும் இருக்கு. வெள்ளையடிக்கப் போனேன். எமிமாள் சுவத்துல முதுகச் சாய்ச்சுக்கிட்டு நின்னுட்டா. சரி கெடக்கட்டும்னு பிரஷ்ஷக் கழுவி வச்சுட்டேன்.

நான் ஊர்ல பி.டி. வாத்தியாரு, சொல்லலையா உங்ககிட்ட? விளையாட்டு விழாவுல நூறு மீட்டர் ஓட்டம். பள்ளிக்கூடத் தாளாளர் மவன் விசிலுக்கு முன்னாலயே ஓடிட்டான். ஒருக்க எச்சரிச்சேன். மறுபடியும் ஓடுனான். வெளிய போன்னுட்டேன். மேடையில தாளாளர் உக்காந்துருக்காரு, குருவானவர் உக்காந்துருக்காரு. நான் யாரையும் பாக்கல. அடுத்த வருசம் எனக்கு அங்க வேலை இல்ல. எமிமாளுக்கு இந்த நாட்டுல வேலை கெடச்சுது, பின்னாலயே வந்தேன். இப்பம் கறிக் கம்பெனியில மாட்டுத் தொடைய பெட்டியில அடுக்குதேன். வருத்தமில்ல. எதுக்குச் சொல்லுதேன்னா, ஒரு பக்கம் சாயாத ஆளு நான். அத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க.

முதல்ல கிதியோன் ஆடுத எல்லா ஆட்டத்துக்கும் போவேன். கோட்டோரமா நின்னு சத்தம் போடுவேன். வாத்தியார் தொண்ட. 'ஏல மூதி, ஓடுல. எரும, பந்தப் பாருல.' பக்கத்துல நின்ன அம்மா, பிரீடான்னு பேரு, என்ன சாம் சொல்லுதன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? 'ஓடு என் சிங்கக்குட்டி'ன்னு அர்த்தம்னேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் பாத்தா கோட்டோரம் நிக்குத அத்தன பேரும் 'மூதி ஓடுல, மூதி ஓடுல'ங்கா. எண்பது வயசுக் கெழவன் ஒருத்தன் கைத்தடியத் தூக்கிக்கிட்டு மூதி மூதிங்கான். எனக்குப் பெருமையான பெருமை. நம்ம பேச்சு இங்க வந்து இந்தக் குளிர்ல நிக்குதேன்னு.

ஆடுத பயலுவள்ல அர்த்தம் தெரிஞ்சவன் கிதியோன் ஒருத்தன்தான். அதுக்கென்ன, பிள்ளைய ஏசாம யாரு வளக்கா?

ஒருநா காலையில ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கும்போது சொன்னான், 'அப்பா, நீங்க மேட்சுக்கு வராதீங்கப்பா'ன்னு. பன்னெண்டு வயசு இருக்கும். தலையத் தூக்கல. கூச்சம், வேற ஒண்ணுமில்ல. அந்த வயசுல வரதுதான். நானும் வீம்புக்காரன்லா. வரலன்னா வரல, போ. அதுக்கப்புறம் போகல.

ஆனா ஆட்டம் பிரமாதமா ஆடுனான் தம்பி. பதினாறு வயசுல பக்கத்துச் சேகரத்துக்கு எதிரா ஒரு கோல் போட்டான் பாருங்க. மூணு பேரு மறிக்கான். இவன் பந்தக் கால் நுனியில தட்டிக் கைக்கு எடுக்கான், தட்டி எடுக்கான், ஒருத்தன் சட்டையப் பிடிச்சு இழுக்கான், சட்டை கிழியுது, இவன் நிக்கல. வலையில போய் விழுந்த பந்து வலையப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. கோல்கீப்பர் அப்படியே உக்காந்துட்டான். நீங்க பாத்துருக்கணும்.

நானா? எமிமாள் வந்து சொன்னா. அவ ஒரு ஆட்டம் விட மாட்டா. ராத்திரி டூட்டி முடிச்சுட்டுத் தூங்காம போயி நிப்பா. வந்து அடுப்படியில அவன்ட்ட பேசிக்கிட்டு இருப்பா, நான் ஹால்ல பேப்பர் பாத்துக்கிட்டு இருப்பேன். எல்லாம் காதுல விழும்.

மாவட்டப் பையங்க டீமுக்கு எடுத்தாவ. இங்க கவுண்டிம்பாவ. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. எலக்ட்ரீசியன் வேலைக்குப் படிச்சுக்கிட்டே சேகரத்துப் பெரிய டீமுக்கும் ஆடுனான். ஃப்ரீ கிக்குன்னா அவன்தான். கடையில நான் பால் வாங்கப் போனா காசு எடுக்கும் முன்ன நாலு பேரு 'உம்மவன் எப்படி இருக்கான்'னு கேப்பான். இந்த ஊர்ல எனக்கு மரியாதை வந்தது அவனாலதான். அத நான் மறைக்க மாட்டேன்.

உங்க போனு அடிக்குது. வீட்டம்மாவா? எடுங்க, எடுங்க. பேசுங்க.

பேசியாச்சா? பஸ் ஸ்டாப்புக்கு வாராவளா? சரி. நான் சொல்லுதது முடியட்டும், ஒரு பத்து நிமிசம் பிந்தி வரச் சொல்லலாம்.

டெக்லன்னு ஒருத்தன். கறிக் கம்பெனியில என் கூட வேலை பாக்கான். வேற சேகரம். ஞாயித்துக்கெழம ரெஃப்ரியா போவான். இங்க ரெஃப்ரி தனக்கு வேண்டிய நாலு பேரைத் தானே கூட்டிக்கிட்டுப் போகணும். கம்பத்துக்கு ஒருத்தரா நிக்கணும். அம்பயர். வெள்ளைக் கோட்டு, நம்ம ஊர் லேப்ல ரத்தம் எடுக்க வாரவங்க மாதிரி. பந்து உள்ள போச்சுன்னா கொடியத் தூக்கணும், ஒரு புள்ளிக்கு வெள்ளக் கொடி. வெளிய போச்சுன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வீசணும். அவன் மச்சினனுக்கு இடுப்பு போயிருச்சு, ஆளு கொறையுது, சாம் வாரியான்னான். 'ஒண்ணே ஒண்ணுதான். அம்பயர் வாயத் தெறக்கக் கூடாது'ன்னான். எமிமாள் அன்னைக்கிச் சிரிச்ச மாதிரி ரொம்ப நாளு சிரிக்கல.

எனக்கு அந்த வேலை பிடிச்சுப் போச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டு, வாயத் தெறக்காம, ஊர் ஊரா. டெக்லன்தான் சொல்லிக் குடுத்தான். 'அடிக்கவனப் பாக்காத சாம். அவன் யாரு, எந்தக் காலு, அதெல்லாம் உனக்குத் தேவையில்ல. கம்பத்த ஒட்டி நில்லு. கம்பம் வானம் வரைக்கும் போகுதுன்னு மனசுல கோடு போட்டுக்க. அந்தக் கோட்ட மட்டும் பாரு. பந்து தானா அங்க வரும்.' லேசா இருக்கு கேக்கதுக்கு. ஆனா அதான் முழு வேலையும்.

அந்த வருசம் எங்க சேகரம் அரையிறுதிக்கு வந்துட்டு. அப்பன் தாத்தா காலத்துல ஒருக்க ஜெயிச்சதோட சரி, அப்புறம் ஒண்ணுமில்ல. ஊர் பூராக் கொடி. ஆட்டுக்கு எல்லாம் டீம் கலர்ல சாயம் பூசி விட்டுருக்கான், பாத்தாச் சிரிப்பு வரும். ரெஃப்ரி யாருன்னு பாத்தா டெக்லன். அவன் என்கிட்ட வந்து, 'சாம், இந்த ஒரு வாரம் வீட்ல இரு, வேற ஆளப் போட்டுக்கிடுதேன்'னான். ஏன்னேன். உம்மவன் ஆடுதானேன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. தாளாளர் மவனையே வெளிய அனுப்பிச்சவன்ட்ட வந்து என்ன பேச்சு இது? 'நான் யாருக்கும் சாய மாட்டேன் டெக்லன், உனக்குத் தெரியாதா'ன்னேன். சரின்னுட்டான். எமிமாள் வெள்ளைக் கோட்டத் தேய்ச்சுக் குடுத்தா. 'போகாண்டாம்'னு மட்டும் சொன்னா.

இல்ல தம்பி, அவன் ஆடுததப் பாக்கணும்னு நான் போகல. அப்படி நெனைக்காதீங்க. கடமை.

மைதானத்துல என்னக் கோட்டோட பாத்ததும் கிதியோன் நின்னுட்டான். பேந்தப் பேந்த முழிக்கான். அப்புறம் லேசாச் சிரிச்சான். எதிர் டீம் மேனேஜர் டெக்லன்ட்ட வந்து, அப்பன கம்பத்துல நிக்க வச்சுருக்கியான்னு கேட்டான். எனக்குக் கேக்கணும்னே கேட்டான். நான் எங்கேயோ பாத்துக்கிட்டு நின்னேன்.

ஆட்டத்தப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. கடைசி நிமிசத்துக்கு வாரேன். நாங்க ஒரு புள்ளி பின்னால. எங்க ஆள ஒருத்தன் தள்ளிவிட்டுட்டான், ஃப்ரீ கிக். வலது பக்கம், கோட்டோரம், தூரம். அந்தக் கோணத்துல இருந்து இடங்காலுக்காரன்தான் அடிக்க முடியும். இடங்காலுல அடிச்சா பந்து கம்பத்துக்கு வெளிய போற மாதிரிப் போயிட்டு, கடைசியில வளைஞ்சு உள்ள வரும். எந்தக் கம்பம்? என் கம்பம். உள்ள போனா சமம், இன்னொரு நாள் மறு ஆட்டம். போகலன்னா அவ்வளவுதான்.

கிதியோன் பந்த வாங்கிட்டு வந்தான். என் பின்னால வேலிக்கு அந்தப் பக்கம் எங்க சேகரத்து ஆளுங்க. மொள்ளமா ஆரம்பிச்சாவ. மூதி ஓடுல. மூதி ஓடுல. பிரீடா குரலு தனியாக் கேக்குது. அழுதுக்கிட்டே சொல்லுதா. என் வாழ்க்கையில அந்த வார்த்தைய அவ்வளவு பிரியமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல. நான் வாயத் தெறக்கல.

பயலுக்கு ஒரு பழக்கம் தம்பி. அடிக்கதுக்கு முன்னால இடது பூட்ஸ வலது காலு சாக்ஸுல ஒரு தேய் தேய்ப்பான். நாக்க உதட்டோரமாக் கடிச்சுக்கிடுவான், இப்படி. அவுக அம்மா ஊசியில நூல் கோக்கும்போது அப்படித்தான் செய்வா. அந்தப் பழக்கம் அவன்ட்ட இருக்குன்னு அன்னைக்கித்தான் எனக்குத் தெரியும். தாடையில ஒரு தழும்பு, அது எப்பம் வந்துதுன்னும் தெரியல. தாடி லேசா இருக்கு. ஆளு பெரிசாயிட்டான். ஓடி வந்தான், அடிச்சான். அடிச்சதும் கண்ணு பந்து கூடயே மேல போச்சு. மேல, மேல, அண்ணாந்து பாக்கான், தொண்டைக்குழி ஏறி எறங்குது. அப்புறம் கண்ணு கீழ வந்துச்சு. என் மேல வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம். அப்படி அவன் என்னப் பாத்து வருசக்கணக்காச்சு.

பின்னால தொப்புன்னு சத்தம். திரும்பிப் பாத்தேன். பந்து வலைக்குப் பின்னால கெடக்கு. கம்பத்துக்கு உள்பக்கமாத்தான் கெடந்துச்சு. ஆனா விழுந்த எடம் கணக்குல வராது தம்பி. கோட்டத் தாண்டும்போது எங்க இருந்துதுங்கதுதான் கணக்கு. வெளிய தாண்டிட்டு பொறவு உள்ள வளைஞ்சு விழலாம். விழும். சட்டம் அது.

எங்க ஆளுங்க குதிக்காவ. அடுத்த கம்பத்து அம்பயரப் பாத்தேன். அவன் தோளக் குலுக்குதான். உன் கம்பம், உன் தீர்ப்பு. எதிர்க் கூட்டத்துல ஒருத்தன் கத்துதான், 'தூக்கு, தூக்கு, ஒம் பிள்ளைக்குத் தூக்கிக் குடு'ன்னு.

நான் கையக் குறுக்க வீசிட்டேன். வெளிய.

வெளியதான். எனக்குச் சந்தேகமே இல்ல.

டெக்லன் ஓடி வந்தான். 'பாத்தியா சாம்'னான். பாத்தேன்னேன். 'நல்லது'ன்னு விசில ஊதிட்டான். அதுக்கப்புறம் அவன் கேட்டதுமில்ல, என்ன எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட்டதுமில்ல. மச்சினன் இடுப்பு சரியாயிருச்சாம்.

எங்க பயலுவ என்னச் சுத்தி வந்துட்டானுவ. சேறும் கண்ணீருமா. அடி விழும்னுதான் நெனச்சேன். கிதியோன் எல்லாரையும் விலக்கிட்டு வந்தான். தமிழ்லதான் கேட்டான். 'அப்பா, வெளியவா?' வெளியதான்லன்னேன். 'சரிப்பா'ன்னான். திரும்பி அவனுவகிட்ட இங்கிலீஷ்ல சொன்னான், 'எங்கப்பா வெளியன்னா வெளியதான். யாரும் பேசப்படாது'ன்னு. பாத்தீங்களா? அடிச்சவனே ஒத்துக்கிட்டான். அவனுக்குத் தெரியாதா அவன் அடிச்ச பந்து எங்க போச்சுன்னு?

அதோட முடிஞ்சிருக்கணும். நம்ம ஊர்னா என்ன செய்வான்? வீட்டு முன்னால வந்து நாலு தலைமுறையையும் இழுத்து ஏசுவான், ஓட்டுல ரெண்டு கல்லு விழும், மறுநா டீக்கடையில சமாதானம். இங்க ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லலையே. 'நல்ல வெயில் சாம்.' 'மழை வரும்போல சாம்.' பிரீடா ஆப்பிள் பணியாரம் சுட்டுக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போறா. பந்தப் பத்தி ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான். நானே எடுத்தாலும் பேச்ச மாத்திருவான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், நீ தப்பாச் சொல்லிட்டடான்னு என் சட்டையப் பிடிச்சான்னா, நான் பதில் சொல்லுவேன்லா. இல்லடா வெளியதான்னு சத்தமாச் சொல்லுவேன்லா. யார்ட்ட சொல்ல? உங்ககிட்டதான் சொல்லுதேன்.

அந்தக் குளிர் முடியும் முன்ன அவன் ஆஸ்திரேலியா போயிட்டான். பெர்த்து. கரண்டு வேலை. நல்ல சம்பளம், அதுக்காகத்தான் போனான். இங்க உள்ள பயலுவ பாதிப் பேரு அங்கதான் கெடக்கான், அங்கயும் டீம் வச்சு ஆடுதானுவ. இவன் ஆடலையாம். பூட்ஸ் இங்கதான் இருக்கு, மாடிப்படிக்குக் கீழ. அவுக அம்மாவுக்கு வாரா வாரம் போன் வரும். நான் எடுத்தா 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேப்பான். சாப்பிட்டேன்லன்னு சொல்லுவேன். 'அம்மாட்ட குடுங்கப்பா.' மரியாதையான பிள்ள.

ஒண்ணு மட்டும் தம்பி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அந்தச் சுவத்துல சத்தம் கேக்கு. தொம், தொம். எழுந்து போய்ப் பாத்தா ஒண்ணுமிருக்காது. சுவரு ஈரமா இருக்கும், வட்டம் வட்டமா. எமிமாள்ட்ட கேட்டேன், உனக்குக் கேக்கான்னு. 'எனக்கு எப்பமும் கேக்குதே'ன்னுட்டு அவ பாட்டுக்கு அரிசி களைஞ்சா. அதனாலதான் ஞாயித்துக்கெழம நான் வீட்ல இருக்கதில்ல. மைதானத்துக்குப் போயிருவேன். நான் போனா அங்க ஆடுத பயலுவ 'வாங்க சாம்'னுட்டு மெதுவாப் பந்த எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவானுவ. நான் என் கம்பத்துக்கிட்ட போயி நிப்பேன். அண்ணாந்து பாப்பேன். கம்பம் இருக்கு. வானம் இருக்கு. பந்து மட்டும் வர மாட்டேங்கு. எவ்வளவு நேரம் பாத்தாலும் அந்த எடத்துல பந்து வர மாட்டேங்கு. அவன் மூஞ்சிதான் வருது.

இந்தா, ஊரு வந்துட்டு. அந்தப் பச்ச வேலி தெரியுதுலா, அதான் மைதானம். ஸ்டாப்புல இருந்து எட்டி வச்சா வந்துரும். நான் உங்ககிட்ட ஒரு உதவி கேப்பேன், முடியாதுன்னு சொல்லப்படாது. போன மாசம் ஒரு மலையாளித் தம்பி வந்தாரு, பாவம், அரை மணி நேரம் அடிச்சாரு. வலங்காலு. வலங்காலுல அடிச்சா வேற பக்கம் வளையுது. பிரயோசனமில்ல. உங்களுக்கு ஆடத் தெரியாட்டாலும் பரவாயில்ல. அவன் அடிச்ச எடத்த நான் காட்டுதேன், குச்சி நட்டு வச்சுருக்கேன். வெளிச்சம் இன்னும் இருக்கு. வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க.

எறங்குங்க தம்பி, பாத்து, படி வழுக்கும். பெட்டிய நான் தூக்கிக்கிடுதேன், நீங்க பந்தப் பிடிங்க. ஒரே ஒரு தடவ, மேல தூக்கி அடிங்க. நான் கம்பத்துக்கிட்ட நிப்பேன். உங்க மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். சத்தியமா இந்தத் தடவ பந்த மட்டும்தான் பாப்பேன்.